இக்சியோடு பிக்சியா, சிப்பா, மாக்ஸா? விந்தணுத் தேர்வு முறைகளில் எதற்குப் பணம் கட்டலாம்?

கவுண்டன்யக்கரை:

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 34 வயது, மனைவிக்கு 30. திருமணமாகி ஐந்தாம் ஆண்டு நடக்கிறது. மனைவிக்கு ஹார்மோன், ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்துவிட்டன. குறை என் பக்கம்தான். விந்துப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 90 லட்சம் விந்தணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 18 சதவீதம், வடிவம் சரியானவை 2 சதவீதம். பிறகு, விந்தணுக்களில் எத்தனை சதவீதத்தில் டி.என்.ஏ. உடைந்திருக்கிறது என்று பார்க்கும் டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். அதில் 34 சதவீதம் என்று வந்தது.

ஒரு தனியார் மையத்தில் இக்சி, அதாவது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை, செய்யலாம் என்கிறார்கள். அதோடு ஓர் அச்சிட்ட தாளும் கொடுத்தார்கள். அதில் பிக்சி, இம்சி, மாக்ஸ், மைக்ரோஃப்ளூயிடிக் சிப் என்று நான்கு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. "உங்களுக்கு எது தோதுப்படுமோ அதில் குறியிட்டுக் கொடுங்கள்" என்றார் கணக்குப் பிரிவில் இருந்தவர். எது தோதுப்படும் என்று எனக்கு எப்படித் தெரியும்? விலை அதிகமானதுதான் நல்லதா? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

தம்பி, முதலில் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். ஐந்து ஆண்டு காத்தவருக்கு ஐந்து நாள் கெடு வைப்பது வியாபாரம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து எங்கள் ஊரில் இறங்கி, வேலூர் காந்தி ரோட்டில் அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளோ விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுகிறார்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நுண்ணோக்கி:

நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஊர் வேலூர், இப்போது வேலை சென்னையில். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் சில விவரங்கள் வேண்டும்.

விந்துப் பரிசோதனை ஒரு முறைதான் எடுத்தீர்களா? டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனைக்குச் சேம்பிள் கொடுத்தபோது, அதற்குமுன் கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள் இடைவெளி இருந்தது? அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் காய்ச்சல் ஏதாவது வந்ததா? என்ன வேலை பார்க்கிறீர்கள்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்களை நிற்கவைத்து, கையால் தொட்டு, ஒரு மருத்துவர் பரிசோதித்தாரா?

கவுண்டன்யக்கரை:

விந்துப் பரிசோதனை இரண்டு முறை எடுத்தேன், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சிதைவுப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது பத்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் பிரிவில் வேலை. சிகரெட் இல்லை. என்னை எந்த மருத்துவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார்கள்.

நுண்ணோக்கி:

சந்தேகப்பட்டேன். இதை இந்தத் தளத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்குக் கோபம் குறைவதில்லை. பெண்ணை ஸ்கேனில் படுக்கவைத்து மாதம் முழுக்கப் பார்க்கிறார்கள். ஆணிடம் ஒரு டப்பாவைக் கொடுத்து அறையைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் ஆணுக்கான மருத்துவம்.

சரி, தாளுக்கு வருவோம். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

இயற்கையில் கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களில் சில நூறுதான் முட்டையின் அருகே போய்ச் சேருகின்றன. வழியில் கருப்பைவாய்ச் சளி தடுக்கிறது, கருக்குழாய் வடிகட்டுகிறது, முட்டையைச் சுற்றியுள்ள செல்களும் அதன் கண்ணாடி போன்ற மேலுறையும் கடைசியாகப் பரீட்சை வைக்கின்றன. சாதாரண ஐ.வி.எஃப். முறையில் அந்தக் கடைசிப் பரீட்சையாவது மிஞ்சுகிறது, ஏனெனில் தட்டில் முட்டையைச் சுற்றி விந்தணுக்களை விட்டுவிடுகிறோம். இக்சியில் அதுவும் இல்லை. ஒரு விந்தணுவை நான் தேர்ந்தெடுத்து, ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிறேன். 1992இல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோ குழுவினர் இந்த முறையில் முதல் கர்ப்பங்களை அறிவித்தபோது, எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களுக்கும் சொந்தக் குழந்தை என்பது நடக்கக்கூடியதாயிற்று. கூடவே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது: நான் எடுத்தது நல்ல விந்தணுதானா?

இக்சி நுண்ணோக்கியில் 200 முதல் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்கிறோம். தலை முட்டை வடிவில் இருக்கிறதா, கழுத்து மடங்காமல் இருக்கிறதா, நேராக நீந்துகிறதா என்பது தெரியும். உள்ளே டி.என்.ஏ. உடைந்திருக்கிறதா என்பது தெரியாது. அழகான விந்தணுவுக்குள்ளும் உடைந்த இழை இருக்கலாம். உங்கள் தாளில் உள்ள நான்கும் இந்த இடைவெளியை அடைக்க வந்தவைதான்.

அவற்றுக்கு முன்னால் எல்லா மையங்களிலும் செய்யும் அடிப்படை வேலை ஒன்று உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஒன்று, நீந்தி மேலேறும் முறை: விந்துவின் மேல் ஊட்டத் திரவத்தை மெல்ல விட்டு, குழாயைச் சாய்த்து, 37 டிகிரியில் அரைமணி முதல் ஒரு மணிநேரம் வைத்தால் வலுவுள்ளவை மேலே நீந்தி வந்துவிடும். இன்னொன்று, அடர்த்திப் படிவு முறை: 40 சதவீதம், 80 சதவீதம் என இரண்டு அடர்த்தியில் சிலிக்கா திரவங்களை அடுக்கி, மேலே விந்துவை விட்டு மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றுவோம். முறத்தில் புடைத்தால் பதர் பறந்து மணி நிற்பதைப்போல, முதிர்ந்த, கனமான விந்தணுக்கள் அடியில் சேரும். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இது வசதி. அளவுக்கு மீறிச் சுழற்றினால் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பி டி.என்.ஏ.வைக் கடிக்கும் என்பது இதன் குறை.

பிக்சி: முட்டையைச் சுற்றியுள்ள செல்களிடையே ஹயலூரோனான் என்ற பொருள் இருக்கிறது. முதிர்ந்த விந்தணுவின் தலையில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. தட்டில் அந்தப் பொருளைப் புள்ளிகளாக வைத்தால், முதிர்ந்தவை தலையை ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் சுழற்றும். அவற்றில் ஒன்றை எடுத்துச் செலுத்துவோம். பார்க்க அத்தனை நேர்த்தியாக இருக்கும். ஆனால் பிரிட்டனில் 16 மையங்களில் 2772 இணையரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. குறைமாதமின்றிக் குழந்தை பிறந்தது பிக்சியில் 27.4 சதவீதம், வழக்கமான இக்சியில் 25.2 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல.

இம்சி: 6000 மடங்குக்கும் மேல் பெருக்கி, தலையில் குமிழ் போன்ற குழிகள் இல்லாத விந்தணுவைத் தேடுவது. மணிக்கணக்கில் உட்கார வேண்டும், கண் எரியும். 2020இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தை பிறப்பு கூடுகிறது என்று சொல்ல உறுதியான சான்று கிடைக்கவில்லை.

மாக்ஸ்: சாகத் தொடங்கிய விந்தணுவின் சவ்வில், உட்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பிவிடும். அதைப் பிடிக்கும் அனெக்சின் என்ற புரதத்தைப் பூசிய காந்தத் துகள்களைக் கலந்து, காந்தத்தின் நடுவே உள்ள குழாயில் ஊற்றினால், கெட்டவை அங்கேயே சிக்கிக்கொள்ளும், மற்றவை கீழே இறங்கும். யோசனை அருமை. உறுதியான ஆய்வுகள் குறைவு.

சிப்: சுழற்றலே கிடையாது. நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கம் விந்து, மறுபக்கம் ஊட்டத் திரவம். அரைமணி நேரத்தில் தானாக நீந்திக் கடந்தவற்றை எடுத்துக்கொள்கிறோம். இப்படி எடுத்தவற்றில் டி.என்.ஏ. சிதைவு கணிசமாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வகங்கள் காட்டியுள்ளன, நானும் அன்றாடம் பார்க்கிறேன். ஆனால் சிதைவு குறைவது ஒன்று, தொட்டிலில் குழந்தை வருவது வேறு. இரண்டாவதற்கான சான்று இன்னும் தெளிவாகவில்லை.

ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவக் கழகம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையில் இந்தக் கூடுதல் தேர்வு முறைகள் எதையும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் தாளில் விலை ஏற ஏறச் சான்று ஏறவில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

வாலாஜா மருமகள்:

நுண்ணோக்கி அக்காவுக்கு நன்றி. ஆனால் பிக்சியைப் பற்றிச் சொன்னதில் ஒரு பாதி விடுபட்டுவிட்டதாக நினைக்கிறேன். அதே ஆய்வில் கருச்சிதைவு பிக்சி பிரிவில் 4 சதவீதம், மற்றதில் 7 சதவீதம் என்று படித்தேன். எங்களுக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் இல்லை, தங்குவதில்தான் சிக்கல். தங்காமல் போன ஒவ்வொரு முறையும் ஊரில் என்னைத்தான் கேட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 3 சதவீதம் பெரிது.

நுண்ணோக்கி:

நீங்கள் சொல்வது சரியான எண்தான், அம்மா. ஆய்வாளர்கள் முதன்மையாகத் தேடியது அதை அல்ல, துணை முடிவாக வந்தது. அதனால்தான் எச்சரிக்கையாகப் பேசுகிறோம். இருந்தாலும் 2019 காக்ரேன் தொகுப்பும் கருச்சிதைவு குறையலாம் என்ற பக்கமே சாய்கிறது. பிற்பாடு அதே ஆய்வின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, வயது கூடிய பெண்களுக்குப் பலன் இருக்கலாம் என்ற குறிப்பும் கிடைத்தது. முட்டைக்கு விந்தணுவின் டி.என்.ஏ. உடைப்புகளைச் சரிசெய்யும் திறன் உண்டு, வயது ஏற ஏற அது குறையும், ஆகவே அங்கே நல்ல விந்தணுவின் மதிப்பு கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். உங்களுக்குத் தொடர்ந்து கருச்சிதைவு என்றால், மற்றக் காரணங்களைப் பார்த்தபின், நானே பிக்சி பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்வேன். முதல் இக்சிக்குப் போகும் 30 வயது இணையருக்கு அதையே சொல்லமாட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:

ஆக, ஆளுக்கேற்றபடி என்கிறீர்கள். பிறகு ஏன் ஓட்டலில் பட்டியல் நீட்டுவதுபோல நோயாளியிடம் நீட்டுகிறார்கள்?

நுண்ணோக்கி:

அதை நீட்டியவர்களிடம் கேளுங்கள், ஐயா.

ஆம்பூர்வாசி:

என் கதை வேறு. எனக்கு விந்துவில் ஒரு விந்தணுகூட இல்லை. இரண்டு முறை பார்த்தும் பூஜ்யம். வீட்டில் பெரியவர்கள் நான்கைந்து ஆண்டுகள் என் மனைவியைச் சோளிங்கர் மலைக்கும் தர்காவுக்கும் மாறி மாறி அழைத்துப் போனார்கள். அவளுக்குத்தான் குறை என்று முடிவே கட்டிவிட்டார்கள். எனக்குப் பரிசோதனை என்ற பேச்சே அதுவரை எழவில்லை. இப்போது மைக்ரோ டீசே என்ற அறுவை சிகிச்சை சொல்கிறார்கள். அதில் எடுக்கும் விந்தணுவுக்கும் இந்தத் தேர்வு முறைகள் உதவுமா? நான் தோல் பதனிடும் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இருந்தவன். அது காரணமாக இருக்குமா?

நுண்ணோக்கி:

ஆம்பூர் அண்ணா, விந்தணு இல்லாமல் போவதில் இரண்டு வகை உண்டு. உற்பத்தி நடக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது என்பது ஒன்று. அதில் ஊசியால் உறிஞ்சியே எடுத்துவிடலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். உற்பத்தியே குறைந்திருப்பது இன்னொன்று. மைக்ரோ டீசே அதற்குத்தான். அறுவை நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்து, ஆயிரக்கணக்கான நுண்குழல்களில் சற்றுப் பருத்து வெளுத்திருப்பவற்றை மட்டும் அறுவை மருத்துவர் எடுத்துத் தருவார். பக்கத்து அறையில் நாங்கள் அதைப் பிரித்துத் தேடுவோம். ஒரே ஒரு விந்தணுவுக்காக மதியச் சாப்பாட்டை விட்டுத் தேடிய நாட்கள் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கும், மீதிப் பேருக்குக் கிடைக்காது.

கத்தி வைக்கும் முன் இரத்தத்தில் இரண்டு பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். ஒன்று குரோமோசோம் பரிசோதனை: ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும் க்ளைன்ஃபெல்டர் நிலை இருக்கிறதா என்று பார்க்க. அது இருந்தாலும் சிலருக்கு விந்தணு கிடைக்கிறது. இன்னொன்று ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப். என்ற பகுதி விடுபட்டிருக்கிறதா என்பது. அதில் ஏ அல்லது பி பகுதி முழுவதும் விடுபட்டிருந்தால் அறுவையில் எதுவும் கிடைக்காது என்றே கொள்ளலாம், வீண் வலி. சி பகுதி மட்டும் என்றால் நம்பிக்கை உண்டு. ஆனால் மகன் பிறந்தால் அதே குறை அவனுக்கும் போகும். இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும்.

உங்கள் கேள்விக்கு: அறுவையில் கிடைப்பவை பெரும்பாலும் அசையாதவை, அல்லது துடிப்பவை மட்டும். சிப், பிக்சி எல்லாம் நீந்தும் விந்தணுவுக்கு. அசையாததில் உயிருள்ளது எது என்பதுதான் உங்களுக்கான கேள்வி. உப்புச் செறிவு குறைந்த திரவத்தில் விட்டால் உயிருள்ளதின் வால் வீங்கிச் சுருளும். அதைப் பார்த்து எடுக்கலாம். பென்டாக்சிஃபிலின் என்ற மருந்தைச் சேர்த்தால் சில விந்தணுக்கள் அசையத் தொடங்கும், அப்போது இனங்காண்பது எளிது. இவை பழைய, விலை குறைந்த உத்திகள், விளம்பரத்தில் வராது.

தோல் தொழிற்சாலை பற்றி: உங்கள் நிலைக்கு அதுதான் காரணம் என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சில கரைப்பான்களும் ஈயம் போன்ற உலோகங்களும் விந்தணு உற்பத்தியைக் கெடுக்கும் என்பது தெரிந்த விஷயம். எந்தப் பிரிவில், எதைக் கையாண்டீர்கள் என்று எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

மூலிகை நேயன்:

இத்தனை ஊசியும் அறுவையும் எதற்கு? பூனைக்காலி விதைப் பொடி, நிலப்பனைக் கிழங்கு லேகியம் ஒரு மண்டலம் சாப்பிட்டால் எண்ணிக்கை கூடும். என்னிடம் குடியாத்தம் பக்கம் ஒருவர் தயாரித்துத் தரும் பஸ்பமும் இருக்கிறது. வேண்டுவோர் தனிமடலில் வரவும்.

இழைப் பொறுப்பாளர்:

மருந்து விற்பனை இங்கே கூடாது. அடுத்த முறை பதிவு நீக்கப்படும். மருத்துவமனைகளின் பெயரை வைத்துப் புகாரோ பரிந்துரையோ வேண்டாம் என்பதையும் எல்லோருக்கும் நினைவூட்டுகிறேன்.

நுண்ணோக்கி:

நேயரே, பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய் மருந்து எடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முத்திரையில்லாத டப்பாவில் வரும் பஸ்பத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று யார் சொல்வது? சற்று முன்தான் ஈயத்தைப் பற்றி எழுதினேன்.

ஆங்கில மருந்துக் கடை மட்டும் யோக்கியம் என்றும் சொல்லவில்லை. ஆண்களுக்கு அள்ளி எழுதித்தரும் துத்தநாகம், ஃபோலிக் அமில மாத்திரைகளை 2370 இணையரிடம் அமெரிக்காவில் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பு கூடவில்லை. டி.என்.ஏ. சிதைவு சற்றுக் கூடியிருந்தது. மாதம் பல ஆயிரத்துக்கு "விந்தணு சத்து மாத்திரை" வாங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சத்துவாச்சாரிக்காரன்:

ஒரு கேள்வி. என் தம்பி உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறான். ஆண் ஹார்மோன்தானே, விந்தணுவுக்கு நல்லதுதானே என்கிறான். அடுத்த தை மாதம் கல்யாணம்.

நுண்ணோக்கி:

நேர் எதிர். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி "தேவையான அளவு இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு விரைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும், சிலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். ஆணுக்கான கருத்தடை மருந்தாகவே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மீளும், சிலருக்கு ஓராண்டும் தாண்டும். தை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே ஒரு மருத்துவரைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

பாலாறு2:

விந்தணுவைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஆண் குழந்தைக்கு உரிய விந்தணுவையும் தேர்ந்தெடுக்க முடியுமா? எங்களுக்கு இரண்டு பெண்கள். மாமியார் வீட்டில் நெருக்குகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

இழைப் பொறுப்பாளர்:

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கருவுக்குப் பின் பாலினம் அறிவது மட்டுமல்ல, கருத்தரிப்பதற்கு முன்பே எக்ஸ், ஒய் விந்தணுக்களைப் பிரிப்பதும் குற்றம். பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தம் அதைத் தெளிவாகச் சேர்த்தது. 2021ஆம் ஆண்டின் உதவிக் கருத்தரிப்புச் சட்டத்தின்படி, பாலினத் தேர்வு வசதி இருக்கிறது என்று விளம்பரம் செய்தாலே 5 முதல் 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். யாராவது உங்களிடம் அப்படி விற்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இதைப் பற்றி மேற்கொண்டு விவாதம் இங்கே வேண்டாம்.

வாலாஜா மருமகள்:

பாலாறு, இரண்டு மகள்களும் இந்தப் பேச்சைக் கேட்கும் வயதில் இல்லையென்று நம்புகிறேன்.

கவுண்டன்யக்கரை:

முன்பணம் கட்டவில்லை. தொட்டுப் பார்த்தார்களா என்று நுண்ணோக்கி அக்கா கேட்டதால், வேலூரில் ஒரு சிறுநீரக, ஆண்மையியல் மருத்துவரைப் பார்த்தேன். நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பார்த்தார். இடது பக்கம் வெரிகோசீல் இருக்கிறது, கையிலேயே நன்றாகத் தெரிகிறது என்றார். ஸ்கேனிலும் அதுவே வந்தது. சிதைவுப் பரிசோதனையை இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொன்னார். 34 இருந்த இடத்தில் 27 வந்தது. நுண்ணோக்கியின் உதவியோடு அதற்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு சில மாதங்கள் பார்க்கலாம் என்கிறார். பழைய மையத்தில் கேட்டதற்கு, "அதற்குக் காத்திருந்தால் காலம்தான் வீணாகும், நேரே இக்சிக்கு வாருங்கள்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

நுண்ணோக்கி:

விரைப்பையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்து, இரத்தம் தேங்குவதுதான் வெரிகோசீல். பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இருக்கும், எல்லோருக்கும் அது தொல்லை தருவதில்லை. ஆனால் குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதைப் பார்க்கிறோம். உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விரை ஒழுங்காக வேலை செய்யும். தேங்கிய இரத்தம் அதைச் சூடாக்குகிறது. அதற்குமேல் நீங்கள் நாள் முழுக்கப் பாய்லர் அருகே நிற்கிறீர்கள். வேலூர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்க முடியுமா என்று பாருங்கள்.

இடைவெளி விஷயம்: நாட்கள் நீள நீள, முதிர்ந்த விந்தணுக்கள் பையிலேயே கிடந்து சிதைவு கூடும். உலகச் சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் என்று வரையறுத்திருப்பது காரணத்தோடுதான். பத்து நாள் சேம்பிளை வைத்து மாக்ஸும் சிப்பும் விற்பது எனக்கு உடன்பாடில்லை.

காத்திருப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனைவியின் வயதையும் கருமுட்டை இருப்பையும் பொறுத்தது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் அறுவைக்குப் பின் 3 முதல் 6 மாதம் கழித்துத்தான் பலன் தெரியும். மனைவிக்கு 38 என்றால் அந்தப் பழைய மையத்தின் பக்கம் நானும் நின்றிருப்பேன், ஏனெனில் எந்த விந்தணுத் தேர்வும் முட்டையின் வயதைத் திருப்பாது. 30 வயது, முட்டை இருப்பும் சரி என்றால், சில மாதங்கள் கொடுக்கலாம். அறுவைக்குப் பின் பலருக்குச் சிதைவு குறைகிறது, சிலருக்கு இயற்கையாகவே கருத்தரிக்கிறது. எண்கள் ஏறாமல் இக்சிக்கே போக நேர்ந்தாலும், இன்னும் நல்ல விந்தணுவோடு போவீர்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

அப்படி இக்சிக்குப் போனால், மையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், அம்மா. நம் ஆட்கள் மருத்துவர் முன் வாயைத் திறப்பதில்லை.

நுண்ணோக்கி:

முதலில் சுவரில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். 2021 சட்டப்படி முதல் நிலை மையங்கள் கருப்பைக்குள் விந்து செலுத்துவது வரைதான் செய்யலாம். ஐ.வி.எஃப்., இக்சிக்கு இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். பிறகு, உங்கள் மையத்தில் இக்சி செய்த முதிர்ந்த முட்டைகளில் எத்தனை சதவீதம் கருவாகிறது என்று கேளுங்கள். 60, 70 என்று பதில் வந்தால் இயல்பு. எண்ணே சொல்லாமல் சிரித்தால் வேறு இடம் பாருங்கள். கருவியல் வல்லுநர் அங்கேயே வேலை பார்ப்பவரா, அன்றைக்கு மட்டும் சென்னையிலிருந்து வருபவரா என்று கேளுங்கள். கூடுதல் முறை ஏதாவது சொன்னால், "எனக்கு எந்தக் காரணத்துக்காக?" என்ற ஒரே கேள்வி போதும். சிதைவு அதிகம், முந்தைய இக்சியில் கரு வளரவில்லை, கருச்சிதைவு என்று உங்கள் கோப்பிலிருந்து காரணம் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். "எல்லோருக்கும் செய்கிறோம்" என்றால் எழுந்து வாருங்கள்.

சேம்பிளை வீட்டிலிருந்து எடுத்து வரலாம் என்று யாராவது சொன்னால் குடியாத்தத்துக்கு அது பொருந்தாது. ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே ஆய்வகம் சேர வேண்டும். பஸ்ஸில் வேலூர் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தால் சொல்லவே வேண்டாம். மையத்திலேயே கொடுங்கள். அங்கே பதற்றத்தில் முடியாமல் போகலாம் என்று பயம் இருந்தால் முன்கூட்டியே ஒன்றை உறையவைக்கச் சொல்லுங்கள். இது பலருக்கும் நடப்பது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

கவுண்டன்யக்கரை:

நன்றி அக்கா. அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டேன். மனைவிதான் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னாள்: அறுவைக்கு முன்பே ஒரு சேம்பிளை உறையவைத்துவிடுவது நல்லதா?

நுண்ணோக்கி:

உங்கள் எண்ணிக்கையில் கட்டாயம் இல்லை. இந்த அறுவையால் விந்தணு இல்லாமல் போவது மிக அரிது. ஆனாலும் வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். வெளியே எடுக்கும்போது பாதிக்கு மேல் அசைவை இழக்கலாம், இக்சிக்கு மிஞ்சியதே போதும். எத்தனை ஆண்டுவரை வைப்பார்கள் என்று மையத்தில் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, புதுப்பிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் படிவத்தில் படித்துப் பாருங்கள். இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் கொடுங்கள், பத்து நாள் வேண்டாம்.